முன் சக்கரத்தில் காற்று நிற்கவில்லை

ஜூன் 4, வியாழன்

கடையில் கூட்டம் இல்லை. மொத்தமே நாலு கண்ணாடிதான் பொருத்தினேன். ஒருவர் ஃப்ரேம் கோணலாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கழற்றிக் கொடுத்தார். கோணல் ஃப்ரேமில் இல்லை, அவர் மூக்கில். அதை எப்படிச் சொல்வது? திருகை இறுக்குவதுபோல் பாவனை செய்து கொடுத்தேன். இப்போது சரியாகிவிட்டது என்று சந்தோஷமாகப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படிக்கு அடியில் நிற்கும் வண்டியைத் துடைத்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இவர் அதிலிருந்து விழுந்து இரண்டு மாதம் ஆகப் போகிறது. அன்றைக்கு இவர் வேலை பார்க்கும் லேபின் வேனில் ஏற்றிவந்து இறக்கிய இடத்திலேயே வண்டி நிற்கிறது, முன் சக்கரம் சப்பி, தரையோடு ஒட்டி. காற்றடிக்கிற வால்வு — ரிம்மில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குட்டி ரப்பர்க் குழாய் — அடியோடு கிழிந்து, பாலத்து வளைவில் காற்று ஒரே மூச்சில் போய்விட்டது. அவ்வளவுதான் காரணம். விரல் நீள ரப்பர். தோள்பட்டை எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, இப்போது கை நன்றாகவே தூக்க வருகிறது.

பின் சக்கரத்து வால்வை விரலால் வளைத்துப் பார்த்தேன். அதுவும் அடியில் வெடித்திருக்கிறது, குதிகால் வெடிப்பு மாதிரி. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆமா, மாத்தணும். நாளைக்குப் பார்க்கலாம்."

போன மாதமும் இதே நாளைக்குத்தான்.

ஜூன் 5, வெள்ளி

நாளைக்கு வந்தது. பார்க்கவில்லை.

ஜூன் 6, சனி

'அவசரம்' எனக்குப் போன் செய்தார். லேப் மேலாளருக்கு இவர் வைத்த பெயர் அது. எதைச் சொன்னாலும் 'உடனே' சேர்த்துத்தான் சொல்வார்.

"ஏம்மா, டாக்டர் ஓட்டலாம்னு எழுதிக் குடுத்து மூணு வாரம் ஆச்சு. இவரைக் கேட்டா வண்டி ரெடி ஆகலைங்கிறார். அந்த வண்டிக்கு அப்படி என்னதாம்மா ஆச்சு?"

டாக்டர் எழுதிக் கொடுத்ததே எனக்குத் தெரியாது.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபுக்குக் கொண்டுசேர்ப்பது இவர் வேலை. விழுந்ததிலிருந்து உள்ளே உட்காரவைத்து, மற்றவர்கள் எடுத்துவரும் ரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத் தனியாக ஓர் ஆளை வைத்துக்கொள்ள முடியாதாம். மாதக் கடைசிவரை பார்ப்பாராம். அதற்குள் இவர் வண்டியில் ஏறாவிட்டால் இவர் பகுதி வேறு ஆளுக்குப் போய்விடும், இவருக்கு வேலையும் இல்லை.

சாயங்காலம் கேட்டேன். வண்டியைக் கடையில் விடலாமே என்றேன். மூலையில் இருக்கும் பஞ்சர் கடை வேண்டாமாம், அங்கே போட்ட வால்வுதான் கவிழ்த்ததாம். சந்தைக்குப் பக்கத்துக் கடைக்காரன் திருகு மரையைக் கெடுத்துவிடுவானாம். பெட்ரோல் பங்க்கில் இருப்பவனுக்குக் கை சுத்தமில்லையாம். ஊரில் உள்ள எல்லாக் கடைக்கும் ஒரு குற்றம் தயாராக வைத்திருக்கிறார்.

"சரி, அப்போ நானே போடுறேன்," என்றேன்.

"நீயா?"

"தினமும் உள்ளங்கையளவு ஃப்ரேம்ல லென்ஸை உக்கார வைக்கிறவதானே. இது கொஞ்சம் பெரிய ஃப்ரேம்."

இவர் சிரிக்கவில்லை. நான் உடனே போய் உதிரிபாகக் கடையில் இரண்டு வால்வு வாங்கிவந்தேன். உடனே. அவசரம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

ஜூன் 7, ஞாயிறு

காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். இவர் ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதவிக்கும் வரவில்லை, தடுக்கவும் இல்லை. பக்கம் திருப்புகிற சத்தம் மட்டும் கேட்கவேயில்லை.

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, இன்ஜினுக்கு அடியில் பலகையும் செங்கல்லும் முட்டுக்கொடுத்து, முன் சக்கரத்தைத் தூக்கினேன். அச்சு நட்டு மசியவில்லை. ஸ்பேனரில் பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செருகி, தொங்கி இழுத்தேன். கழன்றது. நானும் கழன்று சுவரில் போய் முட்டினேன். 'அடிபட்டுச்சா?' என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆள் வரவில்லை.

சக்கரத்தைக் கீழே படுக்கவைத்தேன். டயரின் ஓரம் ரிம்மின் பள்ளத்தோடு பசைபோட்டாற்போல் ஒட்டியிருந்தது. குதிகாலால் மிதித்தேன். மேலே ஏறி நின்றேன். இத்தனை வருஷம் எடையைக் குறைக்கப் பார்த்தது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்தது. சுற்றிச் சுற்றி மிதித்து, ஒருவழியாக ஓரம் உள்ளே இறங்கியது. கம்பியால் நெம்பி, கையை விட்டுத் தடவினால் பழைய வால்வின் கிழிந்த அடிப்பாகம் உள்ளே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடுக்கியால் பிடுங்கி எறிந்தேன். அதன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. எறிந்த பிறகும் போய் ஒரு மிதி மிதித்தேன்.

புதியதைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, ஓட்டைக்குள் உள்ளிருந்து வெளியே விட்டு, இடுக்கியால் பிடித்து இழுத்தேன். முதலில் வரமாட்டேன் என்று அடம். பிறகு 'சளக்'. லென்ஸ் பள்ளத்தில் உட்காரும் அந்த நொடி எனக்குத் தெரியும், கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். இதுவும் அதேதான்.

காற்றடிப்பதுதான் பெரும்பாடாகப் போயிற்று. கால் பம்பால் எவ்வளவு மிதித்தாலும் ஓரத்தின் வழியாகவே புஸ்ஸென்று போகிறது. கொடிக்கயிற்றை டயரைச் சுற்றிக் கட்டி, நடுவில் கரண்டிக் காம்பை விட்டு முறுக்கினேன். டயர் பிதுங்கி, ஓரம் ரிம்மில் ஒட்டியது. மிதித்தேன், மிதித்தேன். கயிற்றைத் தளர்த்திவிட்டு இன்னும் மிதித்தேன். டப். இன்னொரு டப். இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது.

இவர் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன வெடிச்சுது?"

"ஒண்ணும் வெடிக்கல. டயர் உக்காந்துடுச்சு, அவ்வளவுதான்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சொல்லிட்டுச் செய்யக் கூடாதா," என்று உள்ளே போய்விட்டார்.

எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எப்படிப் பதறிவிட்டார். கல்யாணமாகி இவ்வளவு நாளான பிறகும். நாள் முழுக்க அதை நினைத்து நினைத்து உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டிருந்தேன். வெட்கமாகக்கூட இருக்கிறது இதை எழுத.

பின் சக்கரத்தை அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். அதற்குச் செயின் வேறு கழற்ற வேண்டும், இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜூன் 8, திங்கள்

காலையில் முன் சக்கரத்தில் காற்று இல்லை. சுத்தமாக இல்லை.

"முதல் தடவைதானே. பரவாயில்ல," என்றார் இவர். ஆறுதல் சொல்கிறாராம்.

ஜூன் 9, செவ்வாய்

நேற்று சாயங்காலம் மறுபடி காற்றடித்து, வால்வைச் சுற்றியும் ஓரம் முழுக்கவும் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி கிடையாது. வால்வுக்கு உள்ளே ஓர் ஊசி இருக்கிறது, அதுதான் காற்றை அடைத்து நிற்பது. அதையும் மாற்றி இறுக்கினேன்.

இன்று காலை சப்பை.

ஜூன் 10, புதன்

மறுபடியும்.

ஜூன் 11, வியாழன்

எனக்கு மட்டும் தூக்கம் இல்லை, இவருக்கு நன்றாக வருகிறது. கடையில் ஒரு பாட்டிலாவது தண்ணீர் குடித்தேனா என்று நினைவில்லை. லென்ஸைப் பள்ளத்தில் வைக்கும்போதெல்லாம் ரிம்மின் பள்ளம்தான் கண்ணில் நிற்கிறது. அங்கே தூசி இருந்திருக்குமோ. துரு இருந்திருக்குமோ.

வந்ததும் சக்கரத்தை மறுபடி கழற்றி, பள்ளத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் அந்தப் பக்கமாக வந்தவர் ஹேண்டிலில் கை வைத்து, பிரேக்கை ஓர் அழுத்து அழுத்தினார். சக்கரம் இல்லாதபோது அதை அழுத்தினால் இரண்டு பிரேக் கட்டையும் வந்து ஒட்டிக்கொள்ளும், தட்டு உள்ளே போகாது. இது எனக்கே போன ஞாயிறு வீடியோ பார்த்துத் தெரிந்தது. இவருக்குத் தெரியாதா?

"ஐயோ, பழக்க தோஷம்," என்றார்.

திருப்புளியால் நெம்பிப் பிரிக்கவே பொழுது போய்விட்டது. விரல் முட்டியில் தோல் உரிந்துவிட்டது. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

ஜூன் 12, வெள்ளி

குளிக்கப் போகும் முன் அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் சப்பை. பேய் பிடித்த சக்கரமா இது?

சாயங்காலம் காற்றடித்து, வண்டியை நானே மூலைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இவரிடம் சொல்லவில்லை. பஞ்சர் கடை அண்ணன் நுரை அடித்துப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், முதலில் ரிம்மையே மாற்ற வேண்டும் என்றார். நான் முறைத்ததும் இன்னொரு தடவை பார்த்தார்.

"இதுல ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் போட்டிருக்காங்க. யார் போட்டது?"

"நான்தான்."

"அப்போ யாரோ வேணும்னு காத்தைப் பிடுங்கி விடுறாங்க. யாரோடயாவது சண்டையா?"

சண்டை. மேல் வீட்டு டெய்லர். வண்டி படிக்கு இடைஞ்சலாக நிற்கிறது, துணி மூட்டை தூக்கிக்கொண்டு இறங்க முடியவில்லை என்று ஏப்ரலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருக்கிற மனிதர். காலையில் நான் குளிக்கிற நேரத்துக்குத்தான் அவரும் கீழே இறங்கி நடக்கப் போவார்.

இருக்கட்டும். நாளைக்கு.

ஜூன் 13, சனி

பேசிவிட்டேன். படியில் நிறுத்திவைத்து, நடக்கப் போன மனிதரை நடக்கவிடாமல், நறுக்கென்று கேட்டுவிட்டேன்.

"காத்தா? நான் எதுக்கும்மா உங்க காத்தை எடுக்கப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

"படிக்கு இடைஞ்சல்னு சொன்னது யாரு?"

"சொன்னேன். சொல்லாம ஒண்ணும் செய்யல."

இவர் உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "விடு. அவர் செய்யல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவர் அந்த மாதிரி ஆள் இல்ல," என்றார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தது.

எல்லாரையும் நல்லவர் என்று நம்புகிற மனிதர். இப்படி இருந்தால் ஊர் தலையில் மிளகாய் அரைக்காமல் என்ன செய்யும்?

ஜூன் 14, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். இவருக்கு அக்கா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் சமையலறைக்கு வந்துவிடும். சாப்பிட்டு முடித்ததும், அந்தக் கதையைச் சொல்லுடா என்றார். இவர் சொன்னார்.

விழுந்த கதைதான். வண்டியில் இருந்த பெட்டி உடைந்து, அன்று காலை எடுத்த ரத்தக் குழாய் எல்லாம் ரோட்டில் உடைந்து கிடந்ததாம். கூடினவர்கள் அவ்வளவும் இவர் ரத்தம் என்று நினைத்துவிட்டார்களாம். ஒருவர் துண்டைக் கிழித்து இவர் தலையைக் கட்டுகிறாராம், ஓர் அம்மாள் அழுகிறாராம். இவர் படுத்தபடியே, 'இது என்னோடது இல்லைங்க, எட்டாம் நம்பர் வீட்டு அம்மாவோடது, அவங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கு, பார்த்து மிதிங்க' என்றாராம்.

நாத்தனாருக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். எத்தனையாவது தடவையோ. ஆனால் இன்று ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் அதே சொற்கள், அதே இடத்தில் நிறுத்தல். சர்க்கரையோடு கதை முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் என்ன நடந்தது என்று இதுவரை இவர் சொன்னதேயில்லை, யாரும் கேட்டதுமில்லை.

"அந்த வண்டியை வித்துத் தொலைடா," என்றார் நாத்தனார்.

"சேச்சே. இந்த வால்வு மட்டும் சரியாகட்டும், மறுநாளே கிளம்பிடுவேன்."

என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அப்போ எல்லாம் என் கையில்தான் இருக்கிறதா. என் கை சரியில்லை என்பதுதான் பிரச்சினையா.

நாத்தனார் கிளம்பவே இருட்டிவிட்டது. பின் சக்கரம் அப்படியே நிற்கிறது.

ஜூன் 15, திங்கள்

ஒரு லென்ஸை உடைத்துவிட்டேன். திருகைக் கூடுதலாக இறுக்கி, விளிம்பில் கீறல். முதலாளி தானே வேறு லென்ஸ் எடுத்துக் கொடுத்தார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாதம் பாதி போய்விட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

பார்த்துவிட்டேன்.

குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்கப் போனேன். வாளி நிறையட்டும் என்று, மறந்துபோன துண்டை எடுக்க வெளியே வந்தேன். வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. இவர் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். வால்வு மூடி உதட்டுக்கு நடுவில். சாவி நுனியால் ஊசியை அழுத்திக்கொண்டிருந்தார். ஸ்ஸ்ஸ் என்று ஒரே சீராகக் காற்று போகிறது. இன்னொரு கையால் டயரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரத்தம் எடுக்கும்போது நோயாளியின் கையை இவர் அப்படித்தான் பிடித்துக்கொள்வார். இதோ முடிஞ்சுது, இதோ முடிஞ்சுது என்று.

திரும்பிப் போய்விட்டேன். வாளித் தண்ணீர் முழுவதையும் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

என்ன மனுஷன் இவர். ஒரு வாரமா என் கைத்தோல் உரிஞ்சு கிடக்கு. தினமும் காலால மிதிச்சு மிதிச்சு காத்தடிக்கிறேன், பக்கத்துல நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தார்? 'பரவாயில்ல'ன்னு எனக்கே ஆறுதல் வேற. அந்த டெய்லரை என்னவெல்லாம் கேட்டேன். அன்னைக்குப் பிரேக்கை அழுத்தினதும் வேணும்னேதானா? கேட்கணும். மூஞ்சிக்கு நேரா கேட்கணும்.

சாயங்காலம்

கேட்கவில்லை.

கடையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த டப் ஞாபகம் வந்தது. முகத்தில் ரத்தமில்லாமல் ஓடிவந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாரே. அது எனக்காக இல்லை. அடி அசடே, அது எனக்காக இல்லை. டயர் வெடித்தது என்று நினைத்துவிட்டார். வீட்டுக்குள்ளே, செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தபடியே இவர் மறுபடி பாலத்துக்குப் போய்விட்டார்.

இவருக்குப் பயம். அவ்வளவுதான். ஊரில் யார் கையிலும் ஊசி குத்துகிறவர், அழுகிற குழந்தையைக்கூடச் சிரிக்கவைத்து ரத்தம் எடுப்பவர், வண்டியில் ஏறப் பயப்படுகிறார். அதைச் சொல்ல வாய் வரவில்லை. சக்கரம் சப்பையாக இருக்கிறவரை சொல்ல வேண்டியதில்லை.

சரி, என்னிடம்கூடவா? நான் இந்த இரண்டு மாதமாக என்ன கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். எப்போ, எப்போ, எப்போ. அவசரத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஜூன் 17, புதன்

எப்படி ஆரம்பிப்பது என்று நாள் முழுக்க ஒத்திகை பார்த்தேன். 'நேத்து நான் பார்த்தேன்' — போலீஸ்காரி மாதிரி இருக்கிறது. 'உங்களுக்குப் பயமா?' — இல்லை என்பார், அதோடு முடிந்தது. சும்மா விட்டுவிட்டால் மாதக் கடைசி வந்துவிடும், இவர் பகுதி போய்விடும், வால்வைத்தான் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்போம் இரண்டு பேரும்.

சாயங்காலம் வழக்கம்போல் காற்றடித்தேன். காலையில் போய்விடும் என்று தெரிந்தே அடித்தேன். இவரும் பக்கத்தில் நின்று, "போதும், நல்லா ஏறிடுச்சு," என்றார். இரண்டு பேரும் எவ்வளவு நன்றாக நடிக்கிறோம்.

ஜூன் 18, வியாழன்

இன்று இவருக்கு முன்னால் எழுந்து, வெளியே போய், ஊசியை அழுத்தி, காற்று முழுவதையும் நானே இறக்கிவிட்டேன். மூடியைத் திருகிவைத்தேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து நின்றுகொண்டேன்.

வந்தார். மூடியைக் கழற்றி உதட்டில் வைத்துக்கொண்டார். சாவியால் அழுத்தினார். சத்தம் இல்லை. சாவியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினார். டயரைத் தொட்டுப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே குந்தியபடி இருந்தார். எழுந்திருக்கவில்லை.

நான் வெளியே போனேன்.

"நீயா விட்ட?" வாயில் மூடி இருந்ததால் சொல் சரியாக வரவில்லை. எடுத்துவிட்டு மறுபடி கேட்டார்.

"ஆமா."

"எதுக்கு?"

"உங்களுக்கு லேட்டாயிடுமேன்னு."

சிரிக்கத்தான் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணியது, அப்புறம் அழுகையாகிவிட்டது. படியில் உட்கார்ந்துகொண்டு முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். உள்ளே வாளி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. போய் மூடத் தோன்றவில்லை.

"பின்னாடி ஒரு லாரி வந்துச்சு," என்றார். "பிரேக் போட்டு என் தலைகிட்ட நின்னுது. அந்த டயரோட சூடு கன்னத்துல அடிச்சுது. அதை நான் யார்கிட்டயும் சொல்லல. அந்த அம்மா அழுதாங்கன்னு சொல்வேன்ல, அவங்க ரத்தத்தைப் பார்த்து அழல. லாரியைப் பார்த்துத்தான் அழுதாங்க."

இவர் கையிலிருந்த வால்வு மூடியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

"டாக்டர் எழுதிக் குடுத்த அன்னைக்கு வந்து ஹேண்டிலைப் பிடிச்சுப் பார்த்தேன். கை நிக்கல. ஊசி போடுற கைடி இது. இது நடுங்கினா நான் எதுக்கு ஆவேன்? எனக்குப் பயமா இருக்கு. என்னால ஓட்ட முடியல."

"சரி. ஓட்ட வேண்டாம்."

"வேலை?"

"அதை அப்புறம் பார்க்கலாம். நாளைக்கு."

அப்போதுதான் டெய்லர் மேலேயிருந்து இறங்கினார். படியில் இரண்டு பேர், பக்கத்தில் சப்பைச் சக்கரம். கையைத் தூக்கிக் காட்டினார். "இன்னைக்கும் நான் இல்லம்மா," என்று சொல்லிவிட்டு எங்களைத் தாண்டிப் போனார்.

இவர் சிரித்தார். அது நிஜச் சிரிப்பு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூன் 19, வெள்ளி

டெய்லரிடம் மன்னிப்புக் கேட்டேன். இவரும் கூட வந்தார், உண்மையைச் சொல்கிறேன் என்று. சொன்னார். டெய்லர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "அதுக்கென்ன. வண்டியைக் கொஞ்சம் சுவர் பக்கமா தள்ளி வையுங்க," என்றார். அந்த ஒரு கோரிக்கையை மனிதர் விடவே மாட்டார்.

ஜூன் 21, ஞாயிறு

பின் சக்கரம். இன்று இவரும் குந்தினார். செயினைத் தளர்த்தி எடுத்தது இவர், டயர் மேல் ஏறி மிதித்தது நான். அந்த வேலைக்கு நான்தான் தகுதி என்றார். பதிலுக்கு என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். பழைய வால்வை இடுக்கியால் பிடித்ததுமே பாதியாக ஒடிந்து வந்தது. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால்கூட — வேண்டாம்.

காற்றடிக்கும் முன் உள்ளே போய் உட்காருங்கள் என்றேன். போகவில்லை. "எப்ப சத்தம் வரும்னு மட்டும் சொல்லு," என்றார். இப்போ வரும், இப்போ வரும் என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன். இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். டப். தோள் தூக்கிப்போட்டது. இரண்டாவது டப்புக்குக் கண்ணைத் திறந்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் வண்டியில் கியர் பழகினவள் நான். லைசென்ஸ்கூட எடுத்தேன். கடை நடக்கிற தூரம், வண்டி எப்போதும் இவரோடு வெளியே, அதனால் தேவையே வரவில்லை. சாயங்காலம் தனியாகத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். இரண்டு இடத்தில் இன்ஜின் அணைந்தது. ஆனால் கால் மறக்கவில்லை.

வந்து நிறுத்தியதும் கேட்டுவிட்டேன். வெறும் வயிற்றில் எடுக்கிற ரத்தமெல்லாம் ஒன்பதுக்குள் முடிந்துவிடும், என் கடை பத்து மணிக்கு. பின்னால் உட்கார்ந்து வருவீர்களா?

"தெரியல," என்றார்.

சரி என்று சொல்லாமல் தெரியல என்றாரே. அதுவே எனக்குப் போதும்.

ஜூன் 23, செவ்வாய்

தெருமுனைவரை போய்த் திரும்பினோம். நடந்தே போயிருந்தால் சீக்கிரம் போயிருப்போம். இறங்கிய பிறகு பார்த்தால் என் தோளில் இவர் விரல் தடம் பதிந்திருக்கிறது.

ஜூன் 25, வியாழன்

சந்தைவரை. தோள் வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஜூன் 26, வெள்ளி

இவரே அவசரத்திடம் சொல்லிவிட்டார். என்னால் ஓட்ட முடியவில்லை, பயமாக இருக்கிறது, வீட்டில் ஓட்டுவாள், நான் ரத்தம் எடுக்கிறேன் என்று, எல்லார் முன்னாலும். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லும்போது வியர்த்திருந்தார்.

"என்ன சொன்னார்?"

"ரத்தம் நேரத்துக்கு வந்தா சரி, வண்டியை யார் ஓட்டினா எனக்கென்னன்னார்."

"அவ்வளவுதானா?"

"உடனே ஆரம்பிங்கன்னார்."

ஜூலை 1, புதன்

முதல் நாள். எட்டாம் நம்பர் வீட்டு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டிரைவர் வைத்துக்கொண்டீர்களா என்று இவரைக் கேட்டார். சம்பளம் தராத டிரைவர் என்றார் இவர். வாயாடித்தனம் திரும்பிவிட்டது.

பாலம் வருவதற்கு முன்னால் முதுகில் தட்டினார். நிறுத்தினேன். இறங்கி, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதையில் நடந்தே போனார். நான் அந்தக் கரையில் போய் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். வளைவில் ஓர் இடத்தில் நின்று ரோட்டைப் பார்த்தார். பிறகு வந்து ஏறிக்கொண்டார். வண்டியைக் கிளப்பினேன்.

ஜூலை 4, சனி

பாலத்தில் இன்றும் இறங்கினார். மழை வேறு. நனைந்துகொண்டே நடந்தார், பெட்டியை மட்டும் நனையவிடவில்லை. எனக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. இன்னும் எவ்வளவு நாள்? — கேட்கக் கூடாது. கேட்கவில்லை.

ஜூலை 9, வியாழன்

காலையில் இவர் பின் சக்கரத்தருகே பம்போடு உட்கார்ந்திருந்தார். செயின் மூடியில் ஒட்டியிருக்கும் தாளைத் துடைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தார். ஓட்டுகிறவர் மட்டும் என்றால் பின் சக்கரத்துக்கு ஓர் அளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் அதைவிடக் கூடுதலாக ஓர் அளவு என்று போட்டிருக்கிறது.

"இத்தனை வருஷமா நான் ஒருத்தருக்குத்தான் அடிச்சுட்டு இருந்திருக்கேன்," என்றார்.

"தனியாத்தானே போனீங்க."

பம்பில் காலை வைத்து மிதித்தார். அளவு பார்த்தார், இன்னும் இரண்டு மிதி மிதித்தார், மறுபடி பார்த்தார்.

"ரெண்டு பேருக்கே வச்சுட்டேன்," என்றார். "இனிமே மாத்த வேண்டாம்."

பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து பின்னால் ஏறினார். ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம்.